பத்து மணிக்குள் ஒரு ஸ்டார்ட்

"உர்... உர்ர்... உர்" என்றது மோட்டார் சைக்கிள். அதற்குமேல் பேச விருப்பமில்லாமல் நிறுத்திக்கொண்டது.

வாத்தியார் ஸ்டார்ட்டர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். மணி ஒன்பது. பத்து மணிக்கு வண்டியை வாங்க ஆள் வருகிறது.

"என்னங்க, சுத்துதா?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"சுத்துது. கொஞ்சம் நிதானமா சுத்துது."

"நிதானமோ அவசரமோ, இன்னைக்கு அது வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் பக்கம் நியாயம் இருந்தது. வாத்தியார் பள்ளியில் புவியியல் நடத்துகிறவர். மெக்கானிக்கிடம் விட மனசு வராமல், வீடியோ பார்த்துத் தானே என்ஜினைப் பிரித்து மேய்ந்து, தானே பூட்டினார். அதற்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை வண்டி ஹாலில் இருந்தது, சோபா மொட்டை மாடியில் இருந்தது. ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் குழிகளில் வால்வுகள் உட்கார்ந்திருந்தன. ஒருநாள் குழம்பு என்று நினைத்து அவள் மூடியைத் திறந்த பாத்திரத்தில் பேரிங் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே வண்டியை விற்பது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவள் அவள்தான். வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

"பேட்டரி வீக்கா இருக்கும் வாத்தியாரே" என்றபடி மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஏதோ சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கிளம்பியவர். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. "நம்ம கார்லேர்ந்து ஒயர் போட்டுக்குங்க. ரெண்டே நிமிஷம்."

காரைக் கேட்டுக்கு நேரே நிறுத்தி, பேட்டரிக்கும் பேட்டரிக்கும் ஒயர் கொடுத்தார்கள். வாத்தியார் பட்டனை அழுத்தினார். "உர்... உர்ர்" என்று அதே பல்லவி. ஒயரைச் சரியாகப் பிடிக்கலாமே என்று அவர் கையை வைக்க, கார் பக்கத்து முனை நழுவி எதிலோ பட்டு, பட்டென்று ஒரு பொறி பறந்தது. காரில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. பிறகு சாவியை எத்தனை முறை திருகினாலும் கார் வாயே திறக்கவில்லை. கேட்டையும் அடைத்துக்கொண்டு நின்றது.

"முதல்ல ஒரு வண்டிதான் ஓடலை" என்றார் மாடி வீட்டுக்காரர். "இப்ப ரெண்டு."

"அப்ப கோளாறு பேட்டரியில இல்லை" என்றார் வாத்தியார். "பிஸ்டன் ரிங்குதான். புதுசு இல்லையா, இறுக்கமா இருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டா இளகிடும்."

ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் தாராளமாக எண்ணெய் ஊற்றினார். என்ன ஆகிறது என்று பார்க்க மாடி வீட்டுக்காரர் குனிந்தார். வாத்தியார் பட்டனை அழுத்தினார். வண்டி மெதுவாகத்தான் சுற்றியது. ஆனால் ஊற்றிய எண்ணெய் முழுவதையும் அந்த வெள்ளைச் சட்டையில் பத்திரமாகச் சேர்த்துவிட்டது.

மாடி வீட்டுக்காரர் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லை. கூட்டத்துக்குப் போக எப்படியும் கார் இல்லை."

அந்த நேரம் பார்த்துத்தான் வண்டி வாங்க வந்த கணவனும் மனைவியும் காருக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒடுங்கி உள்ளே வந்தார்கள்.

"ஸ்டார்ட் ஆகலையா?" கணவன் முகமெல்லாம் மலர்ச்சி. நக்கலைப் பார் என்று வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆகும், ஆகும். ரெண்டு நிமிஷம்."

"ரொம்ப நாளா இப்படித்தானா?" என்று ஆவலாகக் கேட்டாள் வந்தவனின் மனைவி.

"சேச்சே. இன்னைக்குத்தான்."

"அப்படிங்களா" என்றவளின் சுருதி இறங்கிவிட்டது.

வெங்காயம் நறுக்கிய கத்தியோடு வாத்தியாரின் மனைவி வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், வந்தவர்களைப் பார்த்தாள். ஐந்து மாதம் பொறுத்ததன் பலன் கைநழுவிப் போவதைப் பார்த்தாள். வண்டி அருகே மண்டியிட்டாள்.

"பேட்டரியோட இந்த எர்த் ஒயரை எங்க முறுக்கி வச்சிருக்கீங்க?"

"சேஸிஸ்ல, வண்டியோட இரும்புச் சட்டத்துல."

"சேஸிஸுக்கு மூணு கோட்டு பெயிண்ட் அடிச்சீங்களே, இந்த எடத்துலயுமா அடிச்சீங்க?"

"ஒரு எடம் விடலை. பார்க்க அழகா இருக்கணும்ல?"

"பெயிண்ட் மேல ஒயரை மாட்டினா கரன்ட் எப்படிங்க போகும்?"

வாத்தியார் குனிந்து ஒயரைப் பார்த்தார். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு மாசமா அந்த வீடியோக்காரன் கத்தினது எனக்கும்தானே கேட்டுச்சு."

போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை பெயிண்டைக் கத்தியால் சுரண்டினாள். வாத்தியார் ப்ளக்கை மாட்டி, ஒயரைத் திரும்ப முறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

விர்ரென்று சுற்றியது. குப்பென்று நீலப் புகை விட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி உறுமியது. வாத்தியார் மாடி வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துத் தன் சட்டையையும் பாழாக்கிக்கொண்டார். மனைவி சிரித்தாள். சோபாவை எந்தச் சுவரோரம் போடுவது என்றுகூட அதற்குள் முடிவு செய்துவிட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வந்தவர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றாள் வாத்தியாரின் மனைவி. "இனிமே இதுல கையே வைக்க வேண்டாம்."

வந்தவனின் மனைவி பெருமூச்சு விட்டாள். "அப்ப எங்களுக்கு வேண்டாங்க. எங்க மாமனார் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, பொழுது போகாம வீட்ல மிக்ஸி, ஃபேன், வாஷிங் மெஷினு எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டாரு. அவருக்குக் குடுக்க, ஸ்டார்ட்டே ஆகாத வண்டியாத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."