ஊற வைத்த சோற்றில் ஒரு சம்பந்தம்

ஓப்பநாயக்க,
1936 ஜூன் 15, திங்கட்கிழமை.

கண்ணியம் மிகுந்த ராத்தா ஸுலைஹா அவர்களுக்கு, தம்பி மக்கீன் ஆயிரம் ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மு குல்தூமும் மகள் நூரியாவும் உடம்புக்குச் சுகம். மனசு சுகமில்லாதபடியால்தான் இந்தக் கடிதம். தெரணியகலையில் நீங்களும் மச்சானும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். மச்சானின் முழங்கால் இந்த மழைக்கு எப்படி இருக்கிறதென்று எழுதவும்.

கஹவத்தை அப்துல் ரஸாக் ஹாஜியார் தம் மகன் மர்சூக்குக்கு நம் நூரியாவைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று எழுதியிருந்தீர்கள். நூரியாவின் சமையலை ஒருமுறை சாப்பிட்டவர் வேறு வீட்டில் கை நனைக்க மாட்டார் என்று அவரிடம் சொல்லி வைத்ததையும் பெருமையாக எழுதியிருந்தீர்கள். ராத்தா, நூரியா ஓதலில் கெட்டிக்காரி, தையலில் கெட்டிக்காரி. சமையலில் மட்டும் அவள் இந்த வாப்பாவின் மகள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. முதலில் வந்த சம்பந்தம் பிள்ளை உயரம் கூட என்று போனது. இரண்டாவது, பிள்ளை பதில் பேசுகிறாள் என்று போனது. இதுவும் போய்விட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

சனிக்கிழமை காலை தாயும் மகளும் மறுநாள் விருந்துக்குச் சாமான் வாங்கப் பலாங்கொடைக்கு பஸ் ஏறினார்கள். பதினொரு மணிக்கு என் கடை வாசலில் ஒரு ரப்பர் லொறி வந்து நின்றது. அதிலிருந்து ஹாஜியாரும் அவருடைய சொந்தக்காரர் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை லொறி ஓடாதாம், அதனால் ஒரு நாள் முந்தி வந்துவிட்டார்களாம், ஒன்றரை மணி நேரத்தில் அதே லொறி திரும்பி வருமாம். வீட்டில் பெண்கள் இல்லை, தேத்தண்ணி குடித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் அளந்து வைத்த அளப்பு என் காதில் நின்றதால், உள்ளே சமையல் நடக்கிறது, உட்காருங்கள் என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

கடைக்குப் பின்னால் வீட்டுக்குள்ளே போய்ப் பார்த்தால் குசினியில் நடப்பதற்கு ஒன்றுமில்லை. கோழியைப் பிடித்து அறுத்து ஆக்க நேரமில்லை. வெள்ளி இரவு பள்ளிவாசல் லெப்பையையும் ஓதுகிற பிள்ளைகளையும் சாப்பாட்டுக்கு அழைத்து, மழையால் யாரும் வராமல் போய், பெரிய பானைச் சோறும் அரைச் சட்டி மாட்டிறைச்சிக் கறியும் மிஞ்சிக் கிடந்தன. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். கொழும்பில் ஒரு மலாய்க்காரச் சிநேகிதர் வீட்டில் முந்தின நாள் சோற்றை இறைச்சியும் முட்டையும் போட்டு ஐந்தே நிமிடத்தில் வறுத்துத் தந்ததைச் சாப்பிட்டிருக்கிறேன். அதையே செய்துவிடுவோம் என்று தாச்சியை அடுப்பில் வைத்துத் தேங்காய் எண்ணெயைக் காய வைத்துச் சோற்றை அள்ளிப் போட்டேன். ராத்தா, நம் வீடுகளில் மிஞ்சிய சோற்றுக்கு இரவே தண்ணீர் ஊற்றி வைக்கிற வழக்கத்தை அந்த அவசரத்தில் நான் மறந்துபோனேன். மலாய்க்காரர் வீட்டுச் சோறு உலர்ந்த சோறு. என்னுடையது நீச்சலடித்துக்கொண்டிருந்த சோறு. எண்ணெய் வெடித்து என் தாடியில் பாதி போனது. தாச்சியில் இருந்தது கஞ்சி. கஞ்சி நோன்புக்குத்தான் ஆகும், சம்பந்தம் பேச ஆகாது.

அந்த நேரம் பார்த்து மூக்கையா கருவாடு கேட்டுப் பின்வாசலுக்கு வந்தான். தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறவன். மாட்டிறைச்சி வாசம் வந்ததும் மரியாதையாக நாலடி தள்ளி நின்றுகொண்டு, தாச்சியையும் என் தாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மொதலாளி, ஈரக் கொழுந்த நாங்க மெஷினுக்குள்ள போடுறதில்லீங்க. மொதல்ல வாட்டணும். மெல்லிசாப் பரப்பிக் காத்துல விடுங்க.”

மிச்சச் சோற்றைப் பிழிந்தேன். பரப்புவதற்குச் சுளகு போதவில்லை. உம்மு குல்தூம் பெருநாளுக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளை விரிப்பைப் பின்வாசலில் விரித்தேன். (இதை அவளுக்கு எழுத வேண்டாம்.) மூக்கையா தேயிலைப் பெட்டி மூடியை எடுத்து விசிறினான். அவ்வப்போது ஒரு பிடி சோற்றை எடுத்து உள்ளங்கையில் மூடி, திறந்து, அது எப்படி விரிகிறதென்று பார்த்து, இன்னும் பத்து நிமிசம் என்றான். கொழுந்தை அப்படித்தான் சோதிப்பார்களாம். நான் முன்னால் ஓடி விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, ரப்பர் விலையைப் பற்றி ஹாஜியார் கேட்டதற்கு எதையோ சொல்லி, பின்னால் ஓடி இறைச்சியைக் கறிச்சாற்றிலிருந்து எடுத்துப் பிய்த்து, மறுபடியும் தேத்தண்ணி கொடுத்தேன். மூன்றாம் கோப்பையில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூக்கையா சரியென்று சொன்னதும் அடுப்பை நன்றாக எரியவிட்டேன். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இறம்பை இலை, அதன் மேல் இறைச்சி, நாலு முட்டை, பிறகு சோறு, மிளகுத்தூள். ராத்தா, சோறு மணி மணியாக உதிர்ந்தது. சந்தோஷத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்று பார்த்துவிட்டேன், அடியில் ஒரு பக்கம் கருகிவிட்டது.

பெரிய சஹன் தட்டில் கொட்டி, கருகிய பக்கம் எனக்கு நேராக வரும்படி வைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். ஹாஜியார் மரியாதை தெரிந்த மனிதர். வீட்டுக்காரருக்குத்தான் நல்ல பக்கம் என்று சொல்லி, இரண்டு கையாலும் சஹனைப் பிடித்து அரைச்சுற்றுத் திருப்பிவிட்டார். கருகலெல்லாம் அவருக்கு முன்னால் போய்விட்டது. அதோடு, அவசரத்தில் நான் பிய்க்காமல் விட்ட ஒரு இறைச்சித் துண்டு, செருப்புக் குதி அளவில், சோற்றுக்குள்ளிருந்து வெளியே வந்தது. சஹனில் நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளுவதுதானே நம் முறை? ஹாஜியார் அதை என் பக்கம் தள்ளினார், நான் இடப்பக்கத்தவருக்குத் தள்ளினேன், அவர் அடுத்தவருக்கு, அவர் ஹாஜியாருக்கு. இரண்டு முறை அது சஹனை வலம் வந்தது. கடைசியில் மரியாதையை விட்டு நானே எடுத்து வாயில் போட்டேன். அதனால் நெடுநேரம் பேச முடியவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஹாஜியார் கருகல் பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார். இந்த வாசம் எந்தக் கலியாணச் சோற்றிலும் வந்ததில்லை என்றார். பிறகு விரலைச் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இது யார்ட கை?”

“மகள்ட கை” என்றேன்.

வரும் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பெண்களைக் கூட்டி வருகிறேன், வேறு எதுவும் ஆக்க வேண்டாம், மகள் இதே சோற்றை ஆக்கினால் போதும் என்று சொல்லி லொறி ஏறினார்.

பின்னேரம் நூரியா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பழகிக்கொள் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“நான் ஆக்காத சோத்த நான் ஆக்கினெண்டு சொல்லிப் போனா, பொறகு அந்த வீட்டுல நான் எதச் சொன்னாலும் பொய்தானே வாப்பா?”

அவளுக்குப் புத்தி சொல்ல என்னால் ஆகாது. ஆகவே ராத்தா, நீங்கள் எப்படியாவது புதன்கிழமையே வந்து சேர வேண்டும். நீங்கள் ஆரம்பித்த பேச்சு, நீங்களே பிள்ளைக்குப் புத்தி சொல்லி, பக்கத்தில் நின்று தாச்சியையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். இது நடக்கும் என்று என் மனசு சொல்கிறது. இந்த இடம் கைநழுவாமல் இருக்க நீங்களும் துஆச் செய்யுங்கள்.

மச்சானுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் அன்பு முத்தம். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
மக்கீன்

பி.கு.: ராத்தா, மேலே எழுதியது அத்தனையையும் மறந்துவிடுங்கள், புதன்கிழமை வரவும் வேண்டாம். உறையில் போடும்போது லொறிக்காரன் ஹாஜியாரின் கடிதத்தைக் கொண்டு வந்தான். நூரியா எனக்குத் தெரியாமல் நேற்றே அவருக்கு அரபுத் தமிழில் நாலு வரி எழுதி, இன்று விடியக்காலை அதே லொறியில் அனுப்பியிருக்கிறாள். சோற்றை ஆக்கியது வாப்பா, எனக்கு முட்டைகூட ஒழுங்காக உடைக்கத் தெரியாது என்று. ஒரு குமர்ப்பிள்ளை மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கடிதம் எழுதுவதா என்று அவளை ஏச வாயெடுத்தேன். பிறகுதான் பதிலைப் படித்தேன். தாடி பாதி எரிந்திருந்ததைப் பார்த்தபோதே யார் கை என்று அவருக்குத் தெரியுமாம், நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கத்தான் கேட்டாராம். கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: “சமைக்க எங்கள் வீட்டில் ஆளிருக்கிறது, மர்சூக்கே நன்றாகச் சமைப்பான். உண்மை எழுதுகிற பிள்ளை எங்கள் வீட்டில் இன்னும் இல்லை, அவளை எங்களுக்குத் தாருங்கள்.” உம்மு குல்தூம் அழுகிறாள், நானும்தான். நூரியா அந்த வரியை மட்டும் மூன்று முறை வாசிக்கச் சொன்னாள்.