பதினாலாவது மண் புறா

கல்மண்டபம் இன்னாசி தன் வாழ்நாளிலேயே பெரிய முடிவைப் பஞ்சுமிட்டாய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் எடுத்தான். மாதா கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடை. பன்னிரண்டு குண்டு, பன்னிரண்டு பலூன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைக்காரர் பயந்துபோய்த் துப்பாக்கியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற ஐம்பத்திரண்டு வயது ஆசாமிக்குள் ஒரு வேட்டைக்காரன் சோம்பல் முறித்து எழுந்தது அப்போதுதான்.

"மண் புறா சுடப் போறேன்" என்றான் மனைவியிடம்.

ஐரீன் கையிலிருந்த கம்புத் தானியக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மொட்டைமாடியில் அவள் அப்பா விட்டுப்போன புறாக்கூண்டு இருந்தது. பறக்கும்போதே குட்டிக்கரணம் அடிக்கிற கர்ணப்புறாக்கள், முப்பது. ஒவ்வொன்றின் பெயரும் குணமும் கோபமும் அவளுக்கு அத்துப்படி. கணவனின் கோபம் மட்டும் இன்றுவரை அவள் கவனத்துக்கு வந்ததில்லை.

"புறாவையா சுடப் போற? கை வெளங்குமாய்யா ஒனக்கு?"

"நெஜப் புறா இல்லமே. மண்ணுல செஞ்ச தட்டு. அதுக்குப் பேருதான் புறா. மிஷினு வானத்துல வீசும், பறக்கசொல்ல சுட்டு ஒடைக்கணும். நம்ம தோஸ்து ஹென்றிதான் ஞாயித்துக்கெழம துப்பாக்கி கிளப்புல மிஷின் பாக்கறான். 'புல்'லுன்னு, இங்கிலீசுல இழுன்னு, கத்துனா தட்டு வரும்."

"புல்லுன்னு கத்துனா மாடுதான வரும்."

இன்னாசிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால், மேலே தகரத்தில் முப்பது புறாவும் மாநாடு நடத்தும். இருபது வருஷத் தூக்கம் அவனுக்குப் பாக்கி இருந்தது.

"இருபத்தஞ்சுல பத்து ஒடைச்சிட்டேன்னு வையி. கூண்டு முகத்துவாரக்குப்பத்துக்கு, ஒன் தம்பி ஜெரி வூட்டுக்குப் போயிடணும். மாடியில நான் கட்டிலப் போட்டுத் தூங்குவேன்."

"ஒடைக்கலன்னா?"

"உசுரு கீற வரைக்கும் தெனம் நானே கூண்டக் கழுவறேன். அந்தோணியார் மேல சத்தியம்."

காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார். ராயபுரத்தில் சாவிக்கொத்து தொலைந்தால்கூட அவருக்குத்தான் முதல் மெழுகுவர்த்தி. அவர் மேல் சத்தியம் செய்யும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம். இன்னாசி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே கிளப் மைதானம். முந்தின நாள் மழையில் புல்தரை சொதசொதவென்று கிடந்தது. சொல்லிக்கொடுக்க நின்ற பொன்ராஜ் மாஸ்டர் கிளப் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்.

"கட்டையைத் தோள்ல நல்லா அழுத்துங்க சார். கன்னம் கட்டை மேல படணும். ரெண்டு கண்ணும் திறந்திருக்கணும். தட்டு இருக்கிற இடத்துல சுடாதீங்க, அது போகப்போற இடத்துல சுடுங்க."

இன்னாசி பலூன் கடைப் பழக்கத்தில் இடது கண்ணை இறுக மூடினான். "புல்!" ஆரஞ்சுத் தட்டு ஒன்று சீறிக்கொண்டு கிளம்பியது. துப்பாக்கி அவன் தோளைத்தான் சுட்டது. தட்டு நிதானமாக ஒரு வட்டம் அடித்து ஈரப்புல்லில் இறங்கியது. பலூன் ஆணியடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து முறை கத்தினான். இருபத்தைந்து தட்டும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தன.

"மாமு, ஒண்ணுகூடவா?" என்றான் ஹென்றி.

"வாயத் தொறந்த, தோஸ்துன்னுகூட பாக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து, "பன்னெண்டு!" என்றான் இன்னாசி.

ஐரீன் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்து அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் தூக்கம் பெரிதாயிற்றே.

"சரி. குஞ்சுங்களுக்கு ரெக்க மொளைக்கட்டும். பதினஞ்சாம் நாளு ஜெரிய டெம்போ எடுத்துகினு வரச் சொல்றேன்." மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "அப்ப ஒடையாதது பதிமூணா?"

"ஆமா."

"அதுங்க எங்க போச்சு?"

"எங்கியோ போச்சு. காணாமப் போச்சு."

"பாவம். புறான்னா வூடு திரும்பாம இருக்காதே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணி. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் கடல் மூட்டமும் சேர்ந்து மாடியில் இறங்கியிருந்தன. கட்டில் போட இடம் அளக்கப் போன இன்னாசி நின்றுவிட்டான். முப்பது புறாவும் கூண்டுக்குள் இருந்தன. ஒரு சத்தம் இல்லை. எல்லாம் ஒரே பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பொந்துக்குள் ஓர் ஆரஞ்சுத் தட்டு. முழுசாக, ஈரமாக. பக்கத்தில் ஒரு சாம்பல் இறகு.

"ஐரீனு! இது எப்பிடி இங்க வந்துச்சு?"

மேலே வந்து பார்த்த ஐரீன் சிலுவை போட்டுக்கொண்டாள். "நீ வுட்ட புறாதான்யா. வழி தேடி வந்துகீது."

"மண்ணு எப்பிடிமே வரும்?"

"அந்தோணியாரக் கேளு."

அடுத்த சாயங்காலம் இரண்டாவது. அதற்கடுத்த நாள் மூன்றாவது. மணி அடிக்கும், புறாக்கள் வாயடைத்துப்போகும், பொந்தில் ஒன்று கூடியிருக்கும். எல்லாவற்றிலும் அடியில் சேற்று ஈரம். ஆறாவதைத் தூக்கியபோது அதன் குழியிலிருந்து ஒரு மண்புழு நெளிந்து அவன் விரலில் ஏறியது. இன்னாசி அலறிய அலறலில் ஹார்பர் சங்கு தோற்றிருக்கும்.

ஹென்றியின் சட்டையைப் பிடித்தான். "என் பொண்டாட்டியான்ட இன்னா சொன்ன?"

"மாதா மேல சத்தியமா ஒண்ணும் சொல்லல மாமு. என் பொண்டாட்டி ஆலிஸுகிட்டகூட சொல்லல." ஹென்றி கதை முழுக்கக் கேட்டான். பிறகு அவனும் சிலுவை போட்டுக்கொண்டான். "அந்தப் பக்கம் என்னிய கூப்டாத மாமு."

பத்தாம் நாள் வெள்ளச்சி என்கிற பெட்டை, தட்டுகளின் மேலேயே அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. பொரித்தால் என்ன வெளியே வரும் என்று நினைத்து இன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. கூண்டிலிருந்து வரும் குமுறல் அவன் காதில் 'புல்... புல்...' என்றே விழுந்தது. இருபது வருஷம் புறாச் சத்தத்தில் தூக்கம் கெட்டவன், இப்போது சத்தமே இல்லாத ஆறு மணிக்குப் பயந்து செத்தான்.

ஒரே ஒரு தைரியம்தான் மிச்சமிருந்தது. ஐரீனிடம் சொன்ன கணக்கு பதிமூன்று. வருவது ஐரீனின் வேலையாக இருந்தால் பதிமூன்றோடு நிற்கும். பதிமூன்றாம் நாள் பதிமூன்றாவது வந்தது. இன்னாசி முதல்முறையாகச் சிரித்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கே மாடிக்கதவைப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான்.

சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்தான். மூட்டம் முகத்தில் மோதியது. பின்னாலேயே ஐரீனும் வந்து நின்றாள். கதவுச் சத்தத்தில் வெள்ளச்சி மெதுவாக எழுந்து நகர்ந்தது. இன்னாசி எண்ணினான். விரலை வைத்து மறுபடி எண்ணினான்.

பதினாலு.

உண்மைக் கணக்கு இருபத்தைந்து. அது அவனுக்கும் ஹென்றிக்கும் பொன்ராஜ் மாஸ்டருக்கும் மேலே இருப்பவருக்கும் மட்டும்தான் தெரியும். மேலே இருப்பவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"ஐரீனு, மன்னிச்சிரு! நான் ஒண்ணுகூட ஒடைக்கலமே! இருபத்தஞ்சும் உசுரோட போச்சு! இன்னும் பதினொண்ணு வரப்போது!"

ஐரீனுக்குக் கண் கலங்கியிருந்தது. வெள்ளச்சியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு ஜெரிக்குப் போன் போட்டு நாளைக்கு டெம்போ வேண்டாம் என்றாள். பேசிக்கொண்டே மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் இன்னாசி கூண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆறு மணி நெருங்க நெருங்க அந்தப் பொந்துப் பக்கமே திரும்பாமல் தேய்த்தான்.

"ஐரீனு... இன்னிக்கு பதினஞ்சாவது வருமா?"

"எங்கேர்ந்துய்யா வரும்?" என்றாள் ஐரீன், புறாவுக்குக் கம்பு தூவிக்கொண்டே. "நேத்து நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே கடைசித் தட்ட வெள்ளச்சிக்கு அடியில வெச்சிட்டேன். ஹென்றி கிளப்புலேர்ந்து கொண்டாந்து போடற ஒடையாத தட்டுங்களத்தான் ஆலிஸு பூந்தொட்டிக்கு அடியில வெச்சிருந்தா. அதத்தான் நான் தெனம் ஒண்ணா வாங்கியாந்தேன். அவ வூட்ல மொத்தமே பதினாலு தொட்டிதான்."