சரியான ஆளைத் தெரிந்தவள்

உதவி கேட்டால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இங்கே பேசப்போவது வேறு இனம். கேட்டவுடன் முகம் மலர்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, உங்கள் கையைப் பிடித்து, பத்திரமாக இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிடுகிறவர்கள். இவர்கள் இல்லாத ஊர் ஏது? ஆனால் ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியாத் தீவின் வடகரையில், எங்கள் சின்ன ஊரின் மனநலச் சேவையில், இந்த இனத்துக்குச் சம்பளமும் உண்டு, கழுத்தில் தொங்க அட்டையும் உண்டு. ஒருங்கிணைப்பாளர் என்று பெயர்.

நரெல் அந்த வேலையைச் செய்யவில்லை, அதுவாகவே இருந்தாள். அழ வருகிறவர்களுக்குக் கண்ணீர் எட்டிப் பார்க்கும் முன்பே காகிதக் கைக்குட்டையை நீட்டுவாள். எந்தக் கவலைக்கும் அவளிடம் ஒரே பதில்: “உங்களுக்குச் சரியான ஆளை எனக்குத் தெரியும்.” நாய் சாப்பிடவில்லையா? ஆள் உண்டு. தூக்கம் வரவில்லையா? அதற்கு இரண்டு பேர். ஒரு நாள் அவள் கணவன் கேவின், “முதுகு பிடிச்சிருக்கு, கொஞ்சம் தேய்ச்சு விடேன்” என்று குப்புறப் படுத்தான். நரெல் அதற்கென்று இருக்கிற ஒருவரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

அவளிடம் வந்தவர்களில் ஒருவர் கிளைவ். மனைவி இறந்த பிறகு இரண்டு வருடம் திரைச்சீலையைக்கூட விலக்காமல் கிடந்தவர். மருந்தும் பேச்சுமாக இப்போதுதான் மெல்லத் தேறியிருந்தார். மீன் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஓய்வு பெற்ற ஆண்கள் அங்கே கூடி, நாற்காலிக்குக் கால் போட்டு, டீ குடித்து, ஒருவரையொருவர் கேலியில் வாரிக்கொண்டிருப்பார்கள். அதன் வாசல்வரை கிளைவ் இரண்டு முறை போனார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டார்.

“இந்தத் தடவையும் திரும்பிட்டேன்னா அவ்வளவுதான், நரெல். மறுபடி வீட்டை விட்டு வரமாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்” என்றார். “நீ கூட வா கண்ணு. வாசலைத் தாண்டுற வரைக்கும். அது போதும்.”

நரெலின் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

“கிளைவ், இதுக்குச் சரியான ஆளை எனக்குத் தெரியும்.”

கூட்டம் போட்டாள். தேங்காய்த் துருவல் தூவிய சாக்லெட் கேக் வந்தது. உளவியலாளர், வாசல் என்பது மிக முக்கியமான கட்டம் என்றார். உடற்பயிற்சிப் பெண் வாசலின் அகலத்தைக் கேட்டாள். சேவை வண்டியின் ஓட்டுநர், வாசல்வரை கூட்டிப்போகலாம், தாண்டினால் காப்பீடு கிடையாது என்றார். யாராவது ஒருவர் கூடப் போயே ஆகவேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. எல்லாரும் சிரித்துப் பேசிக் கேக் சாப்பிட்டார்கள். கிளைவ்? அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்து, இந்தச் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குப் போகும் நாள் வந்தது. நரெலுக்கு மனம் கேட்கவில்லை. எதிர்ச்சாரியில் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் கிளைவை இறக்கிவிட்டு, கையசைத்துவிட்டுப் போனார். கிளைவ் கொட்டகை முன் தனியாக நின்றார். ஒருவரும் வரவில்லை.

நரெல் அவருக்குப் போன் போட்டாள். “கிளைவ்! கூட யார் இருக்காங்க?”

“யாரும் இல்லை. நான் கிளம்புறேன்.”

“இருங்க, இருங்க! இப்பவே ஒருத்தருக்குப் போன் பண்றேன், ரெண்டே நிமிஷத்துல...”

“நரெல்,” என்றார் கிளைவ். “எதிர்த்தாப்புல நிக்கிற நீலக் கார் உன்னோடதுதானே?”

இதற்கு யாரைத் தெரியும்? ஒருவரையும் தெரியவில்லை.

இறங்கினாள். சாலையைக் கடந்தாள். வாசலுக்கு வந்ததும் அவள் கால் தயங்கியது. கழுத்தில் அட்டை இல்லாமல், கூட்டம் நடத்துவதற்காக அல்லாமல், அறிமுகமே இல்லாத பத்துப் பேர் நடுவே அவள் கடைசியாகப் போனது எப்போது? நினைவில்லை. உள்ளே யாரோ வெடிச்சிரிப்புச் சிரித்தார்கள்.

“பயமா இருக்கா?” என்றார் கிளைவ். “எனக்கும்தான். வா, சேர்ந்தே போவோம்.”

போனார்கள். ரம்பம் நின்றது. பத்துத் தலைகள் திரும்பின.

“ஏம்ப்பா, பொண்ணு துணையில்லாம வரமாட்டியா?” என்றது ஒரு குரல்.

“அவதான் பயந்தா. நான் கூட்டிட்டு வந்தேன்” என்றார் கிளைவ்.

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. யாரோ அவர் கையில் மரம் தேய்க்கிற உப்புத்தாளைத் திணித்தார்கள். இந்த முறை அந்தச் சிரிப்புக்குள் கிளைவும் இருந்தார்.

நரெல் திருந்தினாளா? டீ ஆறுவதற்குள் ஒரு கிழவர், “இடுப்பு வலிக்குது, அந்த ஸ்டூலை இப்படித் தள்ளும்மா” என்றார்.

“உங்களுக்குச் சரியான ஆளை எனக்குத் தெரியும்” என்றாள் நரெல்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர், ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று உங்களிடம் சொன்னாரே. நீங்கள் உடனே, அக்கறையோடு, ஒரு நல்ல டாக்டரின் நம்பரை அனுப்பி வைத்தீர்களே.