சம்பந்தியம்மா தொட்ட வேன்

எங்கள் குடும்பத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கோளாறு என்னவென்று பார்க்கமாட்டோம். விளக்கை அணைத்துவிடுவோம். காரானாலும் சரி, வாஷிங் மெஷினானாலும் சரி, இதுதான் வைத்தியம். இந்தப் பரம்பரை அறிவை வைத்துக்கொண்டுதான் நான் என் மகளின் கல்யாணத்தையே ஊற்றி மூடப் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா திடீரென்று, "அண்ணாமலையார கும்பிட்டு, கிரிவலம் சுத்திட்டு வந்து தட்டு மாத்திக்கலாங்க" என்றார். பௌர்ணமி நாள். லாட்ஜ்களில் மூச்சு விட இடமில்லை. நல்லவேளையாக என் தம்பி ஒரு வேனை வீடாகவே மாற்றி வைத்திருந்தான். கட்டில், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. சம்பந்தி வீட்டார் அசந்துபோகட்டும் என்று அதை இரவல் வாங்கினேன். (அசந்துதான் போனார்கள்.)

சாவியோடு தம்பி ஒரு மஞ்சள் பெட்டியையும் கொடுத்தான். "அக்கா, வெளியூர் கரண்ட நம்பாத. பிளக்குக்கும் வேனுக்கும் நடுவுல இது இருக்கணும்" என்றான்.

செங்கம் ரோட்டில் வண்டிகள் நிறுத்தும் ஒரு தோப்பு. கரண்ட் எடுக்கக் கம்பத்தில் பிளக் இருந்தது. விடியற்காலையில் சம்பந்தியம்மாவும் அவர் கணவரும் என் வீட்டுக்காரரோடு கிரிவலம் கிளம்பினார்கள். மூட்டுவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். பெட்டியை மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது; கரண்ட் வரவில்லை. தட்டினேன், குலுக்கினேன், திட்டினேன். ம்ஹும். சனியனே என்று கழற்றி வீசிவிட்டு, வேன் ஒயரை நேராகக் கம்பத்தில் சொருகினேன். லொடலொடவென்று ஆடியது. ஒரு தீக்குச்சி வைத்து இறுக்கினேன். ஏசி ஜம்மென்று ஓடியது. தம்பியைவிட நானே பெரிய இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. வெறுங்காலோடு வருவார்களே, பாதம் சுடுமே என்று வேன் வாசல் முழுக்கத் தண்ணீர் பிடித்து நனைத்து வைத்தேன். என்னே என் உபசாரம்!

வந்தார்கள். சம்பந்தியம்மா கதவுப்பிடியில் கை வைத்தார். "அய்யோ அம்மா!" என்று பின்னால் குதித்தார்.

"ஷாக் அடிக்குதுங்க!"

"சேச்சே, நடந்து வந்த களைப்புங்க" என்று நான் இறங்கிப்போய்ப் பிடியை இறுக்கிப் பிடித்துக் காட்டினேன். "பாருங்க, ஒண்ணுமே இல்ல. தைரியமா தொடுங்க."

பாவம், என்னை நம்பி மறுபடி தொட்டார். மறுபடி குதித்தார். "பொய்யா சொல்றேன்?" என்று அவர் கத்த, அதுவரை வாயே திறக்காத அவர் கணவர் வேனைத் தொட்டார். தொட்ட வேகத்தில் போய் ஈரத்தில் உட்கார்ந்தார்.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"பெட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சுதாக்கா?"

"எரிஞ்சுதுடா. அதான் கழட்டிட்டேன்."

"அடிப்பாவி! மொதல்ல மெயின ஆஃப் பண்ணு! செவப்புன்னா அங்க எர்த் இல்லன்னு அர்த்தம். ஃபிரிட்ஜ்ல லீக்காவற கரண்ட் போக வழியில்லாம வேன் பாடி முழுக்க நிக்குது. வெறுங்கால், ஈரத்தரை, கேக்கணுமா? நீ ரப்பர் செருப்பு போட்டிருந்தியா?"

போட்டிருந்தேன். ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை, அதுவும் தண்ணீர் தெளித்து! என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். நான் அழுதேவிட்டேன். "பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லீங்க" என்று எதையெதையோ உளறினேன்.

சம்பந்தியம்மா வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ண மட்டும் குடுங்க" என்றார். "வண்டிய நீங்களே வச்சிக்கோங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள், சம்பந்தியம்மா ஒருவரைத் தவிர. அவர் ரப்பர் செருப்போடு நேராக ஹாலுக்கு வந்து, சமையல்கட்டைத் தாண்டி, பூஜை அறை வாசல்வரை போவார். கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.