பச்சைத் துணி தொங்கும்போது கத்தாதீர்கள்

பெருமதிப்பிற்குரிய கட்டுமானப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் தாய்மார்கள் அனைவரின் சார்பிலும் வணக்கம். தாங்களும் தங்கள் இயந்திரங்களும் நலமாக இருப்பது எங்கள் காதுகளுக்கு நன்றாகவே தெரிகிறது. நாங்கள் நலமில்லை.

அண்ணா, இதுவரைதான் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியது. "படிச்சவ நீதானே, பக்கத்துல கட்டடம் கட்டுற அந்த ஆளுக்கு நறுக்குனு நாலு வரி எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் படுக்கப் போய்விட்டார்கள். அந்த ஆள் என் கூடப் பிறந்தவன் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. சொல்ல எனக்கென்ன பைத்தியமா? உன்னைத் திட்டாத வாய் இந்த வார்டில் இல்லை. நான் மட்டும் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் சேர்ந்து திட்டினேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், எடுத்ததும் "சைட்ல இருக்கேன்" என்று கத்திவிட்டு வைத்துவிடுவாய்.

அவசரப்பட்டு முன்கூட்டியே வந்து பிறந்த உன் மருமகனுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. இங்கே அதற்கு வைத்தியம் அம்மாவின் நெஞ்சுதான். சட்டையில்லாமல், தலைக்கு ஒரு குல்லாவைப் போட்டு, தவளைக்குஞ்சு மாதிரி என் நெஞ்சில் ஒட்டவைத்துத் துணியால் கட்டிவிடுகிறார்கள். நான் அசையாமல் சாய்ந்து கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால் எடை ஏறும், எடை ஏறினால் வீட்டுக்கு விடுவார்கள். ஏறாவிட்டால் என்ன என்று பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். அவர் குனிந்து அவன் போர்வையைச் சரிசெய்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவன் கண்ணை மூடி, வாயை வைத்து, இரண்டு மடக்கு குடிக்கிற நேரமாகப் பார்த்து உன் துளைபோடும் மெஷின் டர்ர்ர் என்று கிளம்பும். இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டுப் பாலை விட்டுவிடுவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, ஒருநாள் உன் சூப்பர்வைசரிடமே போய் நின்றேன். அன்று கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்தது.

"தளம் போட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாதும்மா. பழசும் புதுசும் ஒட்டாது. மழை வந்தா அங்கதான் ஒழுகும்" என்றார் அவர்.

என்னைப் பிடித்து இழுத்துப்போக வந்த பெரிய சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டார். "எங்க புள்ளைங்களும் அப்படித்தான். நடுவுல எழுப்பினா ஒட்டாது. ஒழுகுற இடத்துல பூச எங்ககிட்ட சிமெண்ட் கிடையாது."

சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். இரண்டு பேரும் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். குழந்தைகள் நெஞ்சில் இருக்கும்போது வார்டு ஜன்னலில் பச்சைத் துணி தொங்கும். அப்போது மெஷின் ஓடாது. கம்பி கட்டலாம், சுவருக்குத் தண்ணீர் தெளிக்கலாம். கான்கிரீட் போடுகிற நாளை முன்னாடியே சொல்லிவிட்டால் வார்டு தன் நேரத்தை மாற்றிக்கொள்ளும். இரண்டு தொழில்களும் ஒரே செங்கல் அடுக்கில் முன்னேறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

உடனே நம் ஜனங்கள் வேலையைக் காட்டினார்கள். இரட்டைக் குழந்தைக்காரி தான் தலை பின்னுவதற்கெல்லாம் துணியைத் தொங்கவிட்டாள். துப்புரவு அம்மா வேறொரு பச்சை விரிப்பைத் துவைத்து அதே ஜன்னலில் காயப்போட, அரை நாள் உன் கட்டடம் மூச்சுவிடவில்லை. வேலையாட்களே கீழே நின்று, "அக்கா, துணி போடலையா? வெயில் கொளுத்துது" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இருக்கட்டும். அந்தக் கூத்துக்கு நடுவில்தான் அவன் எடை முதல்தடவையாக ஏறியது. நான் தராசைக் கும்பிட்டேன்.

இன்று மத்தியானம் நீ வந்தாய்.

"எவன்டா வேலைய நிறுத்தச் சொன்னது? பச்சைத் துணியாம்! கப்பலாடா ஓட்டுறீங்க?"

"சார், மெதுவா. மேல குழந்தைங்க..."

"நான் மெதுவாத்தான்யா பேசுறேன்!"

வார்டு முழுக்க ஒரே நேரத்தில் திடுக்கிட்டுக் கை விரித்தது. மற்ற குழந்தைகள் அழுதார்கள். என் பிள்ளை அழவில்லை. வாயில் இருந்த பால் புரையேறி, உதடு நீலமாகிவிட்டது. பெரிய சிஸ்டர் பிடுங்கிக்கொண்டு போய் உள்ளங்காலைச் சுண்டினார். அவன் அழுகிறவரைக்கும் எனக்கு உயிர் என் உடம்பில் இல்லை. இப்போது மறுபடியும் மூக்கில் குழாய். நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம், குடிக்க விடக் கூடாது. ஏறிய படியெல்லாம் இறங்கியாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை, கூப்பிடு தூரத்தில் இருக்கிற நீயோ இன்றுவரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் தேறட்டும்மா, தொட்டா உடைஞ்சிடுவான் போல இருக்கு" என்று ஆஸ்பத்திரி கேட்டோடு போய்விடுகிறாய். யாரிடம் போய் அழுவேன்? மெஷினுக்கு ஸ்விட்ச் இருக்கிறது, உன் தொண்டைக்கு எங்கே இருக்கிறது?

ஆகவே தாய்மார்கள் கேட்டுக்கொள்வது என்னவென்றால், தாங்கள் இந்த வார்டு இருக்கும் திசையில் இனித் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

உன் தளங்கள் ஒழுகாமல் நிற்கட்டும். உன்னைவிட உரக்கக் கத்துகிற பெண்ணாகப் பார்த்து உனக்குச் சீக்கிரம் அமையட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
தாய்மார்கள் சார்பில்,
உன் முகத்தில் விழிக்க விரும்பாத தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கையெழுத்துப் போடும்போதே உடம்பு நடுங்கியது. காய்ச்சல். அது விடும்வரை நான் உள்ளே போகக் கூடாதாம், ஆனால் அவனைச் சூடில்லாமல் விடவும் கூடாதாம். "சொந்தத்துல யாரும் இல்லையா? ஆம்பளையா இருந்தாலும் பரவால்ல, நெஞ்சு இருந்தா போதும்" என்றார் பெரிய சிஸ்டர். அண்ணன் இருக்கிறான் என்றேன். எங்கே என்றார். ஜன்னல் வழியாகக் கீழே உன் கட்டடத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "வரச் சொல்லு. வாயத் தொறக்காம வரச் சொல்லு" என்றார்.

காவலாளியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், படித்த உடனே கிளம்பு. குளித்துவிட்டு, சென்ட் போடாமல், முன்னால் பட்டன் வைத்த சட்டையில் வா. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வார்கள், முறைக்காமல் கழுவு. பாத்ரூம் போய்விட்டு வா, படுத்தால் எழுந்திருக்க விடமாட்டார்கள். போனைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடு. அவன் உடையமாட்டான் அண்ணா. அழப்போவது நீதான். அவன் குல்லா நனையாமல் பார்த்துக்கொள்.