மெரூனுக்கு நான் கொடுத்த உத்தரவாதம்

பட்டம் வாங்கியவர்களைவிட ஆபத்தானவர்கள், பட்டப்படிப்பில் முதல் வருடம் படிப்பவர்கள். நான் அப்போது இயற்பியல் முதல் வருடம். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கட்டிட வேலைக்கு வந்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். (கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தாலும் என்னிடம்தான் காரணம் கேட்பார்கள். நானும் சொல்வேன்.)

அக்காவுக்கு நிச்சயதார்த்தம். ஐந்தாம் வகுப்போடு அம்மாவுடன் ஓட்டல் வேலைக்குப் போனவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை: மாப்பிள்ளையும் அவளும் ஒரே நிறத்தில் நின்று ஒரு போட்டோ. மாப்பிள்ளை மெரூன் சட்டை எடுத்துவிட்டார். மெரூன் புடவை தேடி, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குள் அம்மா, அக்கா, நான் மூவரும் நுழைந்தோம்.

பட்டுப் பிரிவு முழுக்க மஞ்சள் விளக்குகள். ஒரு மெரூன் புடவையும் மெரூன் பிளவுஸ் துணியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அமைந்தன. அம்மா இரண்டையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வெயிலில் பிரித்துப் பார்க்காமல் எங்கள் பெண்கள் துணி எடுப்பதில்லை. எனக்கு மானம் போயிற்று.

"எம்மா, எங்க போற?"

"வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன்ட்டி."

"தெருவுக்குப் போனா நிறம் மாறுமா? சாயம் சில நிறங்கள முழுங்கும், மிச்சத்தத் திருப்பி அனுப்பும். அதுதான் நமக்குத் தெரியுது. இது சயின்ஸும்மா!"

"மோள் பறஞ்ஞது கரெக்டாணு அம்மே," என்று மகள் சொன்னதே சரியென மலையாளத்தில் தலையாட்டினார் விற்பனையாளர். (என் முதல் மாணவர்.)

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். "படிச்சவ சொல்லுதால்லா, எடுத்துருவோம்."

நான் சொன்னதில் பிழையில்லை. பாதிப் பாடம்தான் விட்டுப்போயிற்று. ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால், வந்து விழும் வெளிச்சத்தில் அந்த நிறம் இருக்க வேண்டும். மஞ்சள் விளக்கில் நீலம் சொற்பம். சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து அனுப்பக்கூடிய அந்தப் புடவை, கடைக்குள் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மெரூனாக நடித்துக்கொண்டிருந்தது.

புடவை நேராக ஓரம் அடிக்கப் போனது; துணி தையல்காரரிடம் போனது. நிச்சயத்தன்று காலையில் இரண்டும் பைகளோடு பியூட்டி பார்லருக்கு வந்து சேர்ந்தன. அங்கேயும் கண்ணாடியைச் சுற்றி மஞ்சள் பல்புகள். அக்கா மெரூனில் ஜொலித்தாள். "பாத்தியாம்மா?" என்று வேறு கேட்டேன்.

படியிறங்கி அக்கா வெயிலில் கால் வைத்தாள். புடவை கத்திரிக்காய் ஆனது. பிளவுஸ் மட்டும் சொன்ன சொல் தவறாமல் மெரூனாகவே இருந்தது.

"ஏட்டி, இது என்னதுட்டி?"

"அதுக்கா... அலைநீளம்..."

"நாசமாப் போச்சு உன் அலைநீளம்! அவரு மெரூன்ல வந்து நிப்பாருல்லா!" மையெல்லாம் கரைய அழத் தொடங்கினாள். அம்மா என் பக்கம் திரும்பாமல், முந்தானையால் அந்த மையைத் துடைத்துவிட்டாள். (திட்டியிருந்தால் தேவலை.)

மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தை வாசலிலேயே ஆரம்பித்தார்: "மெரூன்னுல்லா சொன்னீங்க? பொண்ணு கத்திரிக்காயால்லா வாரா!" மாப்பிள்ளை அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு போட்டோகிராபரின் காதில் ஏதோ சொன்னார்.

இன்று அந்தப் போட்டோ அக்கா வீட்டுச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது, கறுப்பு வெள்ளையில். சட்டை, புடவை, பிளவுஸ் மூன்றும் ஒரே சாம்பல். வருகிறவர்கள், "இது உங்க அம்மா அப்பாவா?" என்று கேட்பார்கள். நான் எம்.எஸ்ஸி.யும் முடித்துவிட்டேன், அக்காவின் பதில் மட்டும் மாறுவதில்லை.

"இல்ல, நாங்கதான். என் தங்கச்சி பிஸிக்ஸ் படிச்சிருக்கா."