கிருமியே இல்லாத குழாய்

ஐ.சி.யூ.வின் நாலாம் நம்பர் கட்டிலில் எந்த மருந்துக்கும் சாகாத கிருமி இருக்கிறது என்று லேப் தமிழினி வந்து சொன்னதும், மேனேஜர் குழந்தைவேல் கேட்ட முதல் கேள்வி, "இது வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்பதுதான்.

தமிழினி பொறுமையாக விளக்கினாள். அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் சின்னுசாமிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, காயம் ஆறவே மாட்டேன் என்கிறது. சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை ஆன்டிபயாட்டிக்கையும் தின்று ஏப்பம் விடுகிற கிருமி. கட்டில் கம்பியைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பார்த்தால் அங்கேயும் அதே கிருமி.

"ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தாங்க சார் போகும். மொதல்ல எல்லாரும் ஒழுங்கா கை கழுவோணுங்க," என்றாள்.

கை கழுவுவதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று குழந்தைவேல் அவளை அனுப்பிவைத்தார். அவருக்கு வேறு கவலை.

குழந்தைவேல் இருபது வருஷம் முதலாளி ஜெகதீஸ்வரனின் போர்வெல் ரிக் லாரிகளோடு சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் போர் போட்டுக்கொண்டு திரிந்தவர். அந்தப் பணத்தில் முதலாளி திருச்செங்கோட்டில் மூன்று மாடிக்கு ஆஸ்பத்திரி கட்டியபோது, நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று இவரைக் கூப்பிட்டு மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்தார். அன்றிலிருந்துதான் குழந்தைவேல் மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவி உண்ணாமலை கையால் சுடுசோறு சாப்பிடுகிறார். அவள் வைக்கிற ரசம் எப்படி இருக்கும் என்பதே கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. நன்றாகவே இருந்தது.

மாதக் கடைசியில் தரச் சான்றிதழுக்கு ஆய்வு வருகிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஆஸ்பத்திரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதலாளி இதைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

"சர்டிபிகேட் வந்தா நீ இங்கயே இரு. வர்லீன்னா ராய்ப்பூர்ல ஒரு ரிக்கு சும்மா நிக்குது, அதைப் போயிப் பாரு."

ஆக, கிருமி போகாவிட்டால் ரசம் போய்விடும்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் ஐ.சி.யூ.வைத்தான் அலசிப் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். குழந்தைவேல் நாலாம் நம்பர் கட்டிலைச் சின்னுசாமியோடு சேர்த்து அப்படியே தள்ளிக்கொண்டுபோய் ஜெனரல் வார்டு மூலையில் போடச் சொன்னார். பழுதான வண்டியை ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்திப் பழகியவருக்கு வேறென்ன தோன்றும்? ஐ.சி.யூ.வை விட்டு வெளியே அனுப்பினால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம். சின்னுசாமியின் மனைவி சௌந்திரம் குழந்தைவேலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்க நல்லா இருக்கோணும் சாமி என்று கண்கலங்கினாள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது சாப்பாட்டு நேரம் வரைதான் இருந்தது.

நான்கு நாளில் தமிழினி மறுபடி வந்தாள். கட்டிலைத் தள்ளியவர்கள் அதே கையோடு மற்ற வேலைகளையும் பார்த்ததில், ஜெனரல் வார்டு முழுக்கக் கிருமி வந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் இருந்த கிருமியும் அங்கேயே பத்திரமாக இருக்கிறது.

குழந்தைவேல் ஆஸ்பத்திரி முழுவதையும் துடைக்க உத்தரவு போட்டார். இந்தியா பூராவும் போர் போட்ட முதலாளிக்குச் சொந்த ஊரில் எத்தனை அடி இறக்கியும் புழுதிதான் வந்தது. ஆஸ்பத்திரி டேங்கர் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. எனவே சிக்கனம் கருதி மூன்று மாடியையும் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துடைப்பானால் துடைத்து முடித்தார்கள். இதுவரை வார்டுகளில் மட்டும் இருந்த கிருமி, இப்போது பில் கவுண்டர் வரைக்கும் பாரபட்சமில்லாமல் பரவியிருந்தது.

இருப்பதிலேயே விலை கூடிய ஊசி மருந்தை வாளியில் கலந்து துடைத்தால் என்ன என்று அவர் யோசனை கேட்டார்.

"அது கிருமிக்கு டியூஷன் வெக்கற மாதிரிங்க சார்," என்றாள் தமிழினி.

அன்றிரவு குழந்தைவேலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராய்ப்பூர் வெயிலும், லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சமைத்த அரைவேக்காட்டுச் சோறும் கண்முன் வந்தன. காலையில் எழுந்தபோது அவருக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. கிருமி எங்கே இருக்கிறது என்று எதற்குத் தேட வேண்டும்? கிருமி இல்லாத இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த ரிப்போர்ட்டை ஆய்வுக்காரர்களுக்குக் காட்டினால் போதாதா?

தமிழினி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தேடுகிற சாக்கில் எல்லா இடத்தையும் சோதித்துவிடலாமே என்று பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதலாளி அறையின் ஏ.சி. ரிமோட்டில் வளர்ந்ததைப் பார்த்து அவளே நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். சர்ஜன் குருமூர்த்தியின் செல்போனில் அதற்கு மேல் இருந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தான் எப்போதும் கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் நோயாளியைத் தொடுவதாகவும், கிளவுஸ் போடுகிறவன் எதற்குக் கையைக் கழுவ வேண்டும் என்றும் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் மணி அடிக்க, கிளவுஸ் கையாலேயே எடுத்துப் பேசினார்.

ஆய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது தமிழினி குழப்பமான முகத்தோடு வந்து நின்றாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எதுவுமே வளரவில்லையாம். ஐ.சி.யூ. வாசலில், முழங்கையால் அழுத்தித் திறக்கிற மாதிரி பளபளவென்று ஒரு குழாய் வைத்திருக்கிறதே, உள்ளே போகிறவர்கள் கை கழுவிக்கொள்வதற்கு, அந்தக் குழாய்.

"அங்க இப்படி வரக்கூடாதுங்க சார். இன்னொருக்கா எடுத்தேன், அப்பவும் ஒண்ணுமே வளரலீங்க. ஒரு நாள் பூரா அங்கயே நின்னு என்ன நடக்குதுன்னு பாக்கட்டுங்களா?"

"போதும் சாமி. மூணாந்தடவ எடுத்துக் கெடுத்துப்போடாத."

குழந்தைவேல் அந்த ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் குழாய்க்கு மேலேயே மாட்டினார். குழாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். முதலாளி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். குழந்தைவேல் அன்று மத்தியானம் இரண்டு தடவை ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஆய்வுக்குச் சென்னையிலிருந்து டாக்டர் இளஞ்செழியன் வந்தார். அதிகம் பேசாத மனிதர். எதைக் காட்டினாலும் தலையை மட்டும் ஆட்டினார். ஐ.சி.யூ. வாசலில் சட்டம் போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"நான் போன ஆஸ்பத்திரியிலெல்லாம் கை கழுவுற குழாயிலதான் கிருமி அதிகம். இங்கே ஒண்ணுகூட இல்லை. எப்படி?"

குழந்தைவேல் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார்.

"எங்க ஸ்டாஃப் அப்படிங்க சார். இந்தக் குழாயில கை கழுவாம ஒருத்தரும் உள்ள காலெடுத்து வெக்க மாட்டாங்க."

குருமூர்த்தி ஆமாம் என்று தலையசைத்தார். நர்ஸுகள் தலையசைத்தார்கள். முதலாளியும் தலையசைத்தார். தமிழினி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இளஞ்செழியனுக்கு மனம் நிறைந்துவிட்டது. தமிழ்நாடு முழுக்க இந்த ஆஸ்பத்திரியை உதாரணமாகச் சொல்லப்போவதாகச் சொன்னார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானும் கை கழுவிக்கொண்டே உள்ளே போவதாகச் சொல்லி முழங்கையால் குழாயை அழுத்தினார்.

தண்ணீர் வரவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். கொஞ்சம் புழுதி வந்து தொட்டியில் விழுந்தது.

டேங்கரில் தண்ணீர் தீர்ந்திருக்கும் என்று குழந்தைவேல் சிரித்துச் சமாளித்தார். பக்கத்து பாத்ரூமில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிளம்பர் வெள்ளியங்கிரிக்குப் போன் போனது. அவர் ஸ்பேனரோடு வேகமாக வந்து தொட்டிக்கு அடியில் குனிந்தார். கூடவே குழந்தைவேலும் குனிந்தார். குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப்பே அடியில் இல்லை. ஓட்டையில் சிமெண்டு மூட்டைக் காகிதத்தைச் சுருட்டிச் செருகியிருந்தது.

பெரிய மனிதர்கள் முன்னால் யாரையாவது திட்டியாக வேண்டும் என்று குழந்தைவேலுக்குத் தோன்றியது.

"ஏப்பா, இத்தன நாளா இதை மாட்டாம என்ன பண்ணிட்டிருந்த?"

வெள்ளியங்கிரிக்கு ரோஷம் வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு பைப்பு பத்தலீங்க. தண்ணி வர்லீன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா, அன்னிக்கே வந்து மாட்டியுட்டர்லாம்னுதானுங்க இருந்தேன். ஆஸ்பத்திரி தொறந்து ரெண்டு வருசமாச்சு, இன்னிக்குத்தானுங்க மொதல் கம்ப்ளெய்ண்டே வருது."